வந்த வழியை அடைத்துவிடாமல் வேலை செய்வது

பெங்களூரு வெளிவட்டச் சாலையில், மாரத்தஹள்ளிக்கும் பெள்ளந்தூருக்கும் இடையிலுள்ள அலுவலக வளாகங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர், தாங்கள் கண்ணால் பார்த்தே இராத இயந்திரங்களைப் பராமரிக்கிறார்கள். துறையூரில் ஒரு நகைக்கடன் நிறுவனக் கிளையை இணையத்தோடு இணைக்கும் ரூட்டர், ஃபிராங்க்பர்ட்டில் ஒரு டேட்டா சென்டருக்குள் வேண்டாதவை நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால், சிகாகோவில் ஒரு கிடங்கின் வைஃபை கருவிகள் என எல்லாமே அவர்களுக்குத் திரையில் ஓடும் எழுத்துகளாகத்தான் அறிமுகம். ஓசூரிலிருந்து விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து பிடித்து வருபவரும், அல்சூரில் தலைமுறைகளாக வாழும் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே ஷிப்டில் அடுத்தடுத்து அமர்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். நெட்வொர்க் வேலை என்று ஊரில் சொன்னால் கேபிள் இழுப்பது, மோடம் மாட்டுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். கேபிளைத் தொடாமலேயே செய்யும் பகுதிதான் இதில் கடினமானது. அது ஏன் கடினம், அதில் தேர்ந்தவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மற்றத் தொலைப்பணிகளுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இணையதளத்தைப் பராமரிப்பவர் தவறான நிரலை ஏற்றிவிட்டால் தளம் விழும். ஆனால் சர்வருக்குள் அவர் போகும் பாதை அப்படியே இருக்கும். உள்ளே போய்த் திருத்திவிடலாம். ரூட்டரைத் திருத்துபவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் அனுப்பும் கட்டளை போய்ச் சேர்வதும் அந்த ரூட்டர் வழியாகத்தான், பதில் திரும்பி வருவதும் அதன் வழியாகத்தான். ஒரு வரி பிசகினால் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதையாகிவிடும். பழுது ஏற்படுவதோடு, பழுதைச் சரிசெய்யப் போகும் வழியும் சேர்ந்தே போய்விடுகிறது. இந்தத் தொழிலின் நல்ல பழக்கங்கள் அனைத்தும் இந்த ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

இந்த அச்சம் சிறிய கிளை அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது, டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்த நெட்வொர்க்கின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைப் பரிசோதித்துத் தடுக்க ஒரு மென்பொருள் இருந்தது. அதிலேயே ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. டேட்டா சென்டர்களோடு தொடர்பு அறுந்ததும், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் நிலை சரியில்லை என்று முடிவுசெய்து, தங்களை அடையும் வழியை இணையத்துக்கு அறிவிக்கும் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டிய இன்ஜினியர்களின் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்தன. மாற்றுவழியாக வைத்திருந்த தனி நெட்வொர்க்கும் கைகொடுக்கவில்லை. கடைசியில் ஆட்கள் நேரில் போக வேண்டியிருந்தது. அந்தக் கட்டடங்களிலோ எளிதில் எவரும் நுழையவும், நுழைந்தாலும் கருவிகளில் கைவைக்கவும் முடியாதபடி காவல் அமைந்திருந்தது. அதற்கும் நேரம் பிடித்தது.

அடுத்த ஆண்டு 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. மைய நெட்வொர்க்கை மேம்படுத்தும் பணியில் ஒரு ரூட்டரிலிருந்து வடிகட்டி விதி ஒன்று நீக்கப்பட்டது. வழித்தடத் தகவல்கள் தடையின்றிப் பாய்ந்து, மையத்திலிருந்த ரூட்டர்கள் தாங்க முடியாமல் செயலிழந்தன. 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 911 அவசர அழைப்புகளும், வங்கி அட்டைப் பரிவர்த்தனைகளும் தடைப்பட்டன. ரூட்டர்களுக்குள் நுழைவதற்கான மேலாண்மை நெட்வொர்க் அதே மைய நெட்வொர்க்கின் மேல்தான் ஓடியது. ஊழியர்களின் கைபேசிகளும் அதே நிறுவனத்தின் இணைப்பில் இருந்ததால் ஒருவரையொருவர் தொடர்புகொள்வதே பெரும்பாடாயிற்று. காரணம் எது என்று கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது.

இரண்டு நிறுவனங்களிலும் திறமைக்கோ பணத்துக்கோ பஞ்சமில்லை. பழுதுபார்க்கும் பாதை, பழுதாகக்கூடிய பொருளையே சார்ந்திருந்தது. அதுதான் ஒரு சிறு தவறைப் பேரிடராக்கியது.

பெங்களூருவுக்கு இந்த வேலை வந்த வரலாறு நீண்டது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே தன் மையத்தைத் தொடங்கி, செயற்கைக்கோள் வழியாகத் தரவை வெளிநாட்டுக்கு அனுப்பும் இணைப்பையும் ஏற்படுத்திக்கொண்டது. இங்கே உட்கார்ந்து அங்கே உள்ளதை இயக்கலாம் என்பதற்கு அது ஒரு தொடக்கம். இன்று இந்த நகரத்தில் இரவு பகலாக இயங்கும் கண்காணிப்பு மையங்களில் கடிகாரமே ஒரு கருவி. சிகாகோவில் யாரும் வேலை செய்யாத அதிகாலை 2 மணி, பெங்களூருவில் கோடைக்காலத்தில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அமெரிக்காவின் நள்ளிரவுப் பராமரிப்பை இங்கே ஒருவர் பட்டப்பகலில், தெளிந்த மூளையோடு செய்ய முடிகிறது. தமிழ்நாட்டுக் கிளைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. இரவு 11 மணிக்கு மாற்றம் செய்தால் வாடிக்கையாளர் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் ஏதேனும் தவறினால் கிளையில் ஒரு பொத்தானை அழுத்தக்கூட ஆள் இல்லை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் பலர் நள்ளிரவை விட்டுவிட்டு, சாவி வைத்திருப்பவர் கதவைத் திறந்த பிறகு, வாடிக்கையாளர் வருவதற்கு முன்புள்ள காலை நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லாத அலுவலகங்கள் உண்டு. அங்கே இதற்காக வாதாடுவது நியாயமே.

ஒற்றை வரி செய்யும் வேலை

தன்னைத் தானே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வது எப்படி நிகழ்கிறது என்று பார்த்தால், அதே சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, அனுமதிப் பட்டியல். எந்த முகவரியிலிருந்து எது உள்ளே வரலாம் என்று ரூட்டரில் வரிசையாக எழுதும் விதிகள் அவை. அந்தப் பட்டியலின் முடிவில், எழுதாமலேயே ஒரு விதி நிற்கும்: மேலே அனுமதிக்கப்படாத அனைத்தும் தடுக்கப்படும். பட்டியலை ரூட்டரின் இடைமுகத்தில் (இணைப்பு நுழையும் வாயிலில்) பொருத்திவிட்டு, விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்று ஒருவர் தொடங்கினால், முதல் விதி ஏறிய கணமே அவருடைய இணைப்பு அறுந்துபோகக்கூடும். விதிகளை முழுவதும் எழுதி, தன் முகவரிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே பொருத்த வேண்டும்.

இரண்டாவது, விலேன். ஒரே கம்பியில் எண்ணிட்டுப் பிரித்து ஓடும் தனித்தனி உள் நெட்வொர்க்குகள் அவை. கணினிகளை இணைக்கும் பெட்டியான ஸ்விட்சில், பல விலேன்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பில் ஏற்கெனவே 10, 20, 99 என்ற விலேன்கள் ஓடுகின்றன. புதிதாக 30ஐச் சேர்க்க வேண்டும். சிஸ்கோ நிறுவன ஸ்விட்சுகளில் அந்தக் கட்டளையில் 'ஆட்' என்ற ஒரு சொல் விடுபட்டால், 30 சேர்வதற்குப் பதிலாக, 30 மட்டுமே எஞ்சும். மேலாண்மைக்கு உரிய 99 போய்விடும். அதோடு நீங்களும் வெளியே. கட்டளை பிழை என்று ஸ்விட்ச் எச்சரிக்காது. இலக்கணப்படி அது சரியான கட்டளை.

மூன்றாவது, இணைய வழங்குநரை மாற்றும்போது ரூட்டரின் வெளி முகவரியையும் அதன் இயல்பு வழியையும் (தனி வழி குறிப்பிடாத அனைத்தும் போகும் பாதையையும்) மாற்றுவது. முகவரியை மாற்றிய நொடியில் இணைப்பு அறுகிறது; அடுத்த வரியான புதிய வழியைக் கொடுப்பதற்கு நீங்கள் அங்கே இல்லை.

இவற்றுக்கெல்லாம் தொழிலில் வகுத்திருக்கும் காப்பு மிகவும் அழகானது. தான் அறுபட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அப்படி நேர்ந்தால் கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்படி சொல்லிவைப்பதே அது. சிஸ்கோ ரூட்டரில் மாற்றத்தைத் தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' என்று கட்டளையிடுவார்கள். பத்து நிமிடத்தில் ரூட்டர் மறுபடி தொடங்கி, சேமித்துவைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டு, அதன் பிறகே புதிய அமைப்பைச் சேமிப்பார்கள். ஜூனிப்பர் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மீண்டும் உறுதிசெய்யாவிட்டால் முந்தைய அமைப்பு தானே திரும்பும். மறுதொடக்கம்கூடத் தேவையில்லை. சிறிய கேபிள் இணைய வழங்குநர்கள் விரும்பி வாங்கும் மைக்ரோடிக் ரூட்டர்களில் 'சேஃப் மோட்' என்ற பெயரில் இதே காப்பு. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில் 'நெட்பிளான் டிரை' என்று கொடுத்தால் 120 நொடி காத்திருந்து, உறுதிப்படுத்தாவிட்டால் மாற்றத்தைக் கைவிடும். நெட்வொர்க் கருவிகளை அமைப்பதற்கான நெட்கான்ஃப் என்ற பொது நெறிமுறை 2006இல் வெளியானபோது, இந்த உறுதிப்படுத்தும் முறையை விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் வசதியாக அதிலும் வைத்தார்கள்; அதற்கான இயல்பு நேரம் 600 நொடி.

இதில் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. மறுதொடக்கம் உங்களைச் சேமித்துவைத்த அமைப்புக்குத்தான் கொண்டுபோகும். சற்றுமுன் ஓடிக்கொண்டிருந்த அமைப்புக்கு அன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆறு மாதத்துக்கு முன் யாரோ ஒருவர் ஒரு வழியைச் சேர்த்துவிட்டுச் சேமிக்க மறந்திருப்பார். அது அன்றிலிருந்து ஒழுங்காக வேலை செய்யும். ஒருநாள் மழையில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, ரூட்டர் அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்கியதும் கிளையின் பாதி வேலை நின்றுவிடும். "யாரும் எதையும் மாற்றவில்லை, கரண்ட் போய் வந்ததும் கெட்டுவிட்டது" என்று கிளையில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது முழு உண்மை. ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன்பு, ஓடும் அமைப்பையும் சேமித்த அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முதல் வேலை.

இரண்டாவது வழி உண்மையிலேயே இரண்டாவதா?

தானாகத் திரும்பும் காப்பும் பொய்த்துப்போகும் நேரங்கள் உண்டு. ரூட்டரின் மென்பொருளை மேம்படுத்தும்போது அது எழுந்திருக்காமலேயே போகலாம். அதற்காகத்தான் பெரும்பாலான அலுவலக ரூட்டர்களில் கன்சோல் என்ற துளை இருக்கிறது. நெட்வொர்க்கே இல்லாதபோதும், பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட் என்ற மிகப் பழைய வேகத்தில், எழுத்துகளாக அதனோடு பேசலாம். அந்தத் துளையில் ஒரு சிறு கன்சோல் சர்வரை மாட்டி, அதற்கு 4ஜி சிம் போட்டுவிட்டால், கிளையின் ஃபைபர் அறுந்தாலும் ரூட்டர் இறந்தாலும் உள்ளே போக ஒரு வழி மிஞ்சுகிறது. டேட்டா சென்டர்களில் இதோடு, மின்சாரத்தையே தொலைவிலிருந்து நிறுத்தி மீண்டும் கொடுக்கும் பவர் ஸ்டிரிப்புகளும் இருக்கும்.

இந்த இரண்டாவது வழி முதல் வழியை எந்த இடத்திலும் சார்ந்திருக்கக் கூடாது. சொல்வது எளிது. பெங்களூருவில் மெட்ரோ பணிக்காகவும் வடிகாலுக்காகவும் சாலையைத் தோண்டும்போது, வேறு வேறு வழங்குநர்களிடம் வாங்கிய இரண்டு இணைப்புகளும் ஒரே நேரத்தில் போவதைக் காணலாம். இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் அந்தத் தெருவில் ஒரே குழாயில் ஓடியிருக்கும், அல்லது ஒரே மரத்தில் சுற்றித் தொங்கியிருக்கும். பில் இரண்டு வந்தால் வழி இரண்டு என்று பொருளன்று. கட்டடத்துக்குள் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்று வழங்குநரிடம் கேட்டு, முடிந்தால் நேரில் பார்த்துவிட வேண்டும். ஒன்று ஃபைபர், மற்றொன்று கூரை மேல் ரேடியோ அல்லது 4ஜி என்று ஊடகமே மாறியிருந்தால் நம்பிக்கை கூடும். அவசரக் கடவுச்சொற்களும் இப்படித்தான். அவை ஒரு சர்வரில் மட்டும் இருந்து, அந்தச் சர்வரை அடைய இந்த நெட்வொர்க் தேவைப்பட்டால், கடவுச்சொல் இல்லாததற்குச் சமம். டாஸ்க் ஷீட்டும், வரைபடமும், தொலைபேசி எண்களும் ஒரு தாளிலாவது அச்சாகியிருக்க வேண்டும் என்று மூத்தவர்கள் வற்புறுத்துவது பழமைவாதம் அன்று.

சிறு அலுவலகங்களுக்கு வேறொரு சிக்கல். வீட்டு ஃபைபர் இணைப்பையே வாங்கி வைத்திருப்பார்கள். அதற்கெனத் தனிப் பொது முகவரி இருக்காது. பழைய வகை ஐபி முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011இல் தீர்ந்தது. அதன் பிறகு வழங்குநர்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அமர்த்தினார்கள். அதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டதுதான் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள். உங்கள் ரூட்டரின் வெளிப்பக்கத்தில் இப்படியொரு முகவரி தெரிந்தால், வெளியிலிருந்து யாரும் நேரே அதை அழைக்க முடியாது. தீர்வு, அழைப்பின் திசையை மாற்றுவது. கிளையிலுள்ள கருவி பெங்களூருவிலுள்ள மையத்தை அழைத்து, ஒரு சுரங்கப்பாதையைத் திறந்து வைத்துக்கொள்ளும். இன்ஜினியர் அதன் வழியே உள்ளே போவார். 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே சேர்ந்துவிட்ட வயர்கார்டு என்ற சுரங்கப்பாதை மென்பொருள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொட்டலம் (தரவுத் துண்டு) அனுப்பச் சொல்லிவைத்தால் வழங்குநரின் கருவி அந்தப் பாதையை மறக்காது.

எங்கே உடைந்திருக்கிறது என்று அறிவது

பழுதைத் தேடும்போது முதல் கேள்வி "என்ன வேலை செய்யவில்லை" என்பதாக இருப்பதைவிட, "என்ன வேலை செய்கிறது" என்பதாக இருந்தால் பாதி இடத்தை உடனே ஒதுக்கிவிடலாம். ஒரு கணினிக்கு மட்டுமா, முழுக் கிளைக்குமா? எல்லாத் தளங்களுமா, ஒன்றேதானா? எண் முகவரியைக் கொடுத்தால் திறந்து, பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. முகவரி கிடைத்திருக்கிறது, ஆனால் யாருக்கும் தெரியாத வரிசையில் கிடைத்திருக்கிறது என்றால், யாரோ வீட்டிலிருந்து ஒரு வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்தச் சிறு பெட்டியும் முகவரி வழங்கத் தொடங்கியிருக்கும்.

1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங், 1987இல் வான் ஜேக்கப்சன் எழுதிய, வழியிலுள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் ஆகிய இரண்டும் இன்றைக்கும் முதல் ஆயுதங்கள். ஆனால் டிரேஸ்ரூட்டைத் தவறாகப் படிப்பது மிகவும் பரவலாக இருக்கிறது. நடுவில் ஒரு வரியில் 200 மில்லி நொடி என்று பார்த்ததும் அந்த ரூட்டரில்தான் கோளாறு என்று வழங்குநரிடம் சண்டைக்குப் போகிறார்கள். ரூட்டர்கள் தம் வழியே கடந்துபோகும் பொட்டலங்களுக்குத்தான் முன்னுரிமை தரும். தம்மையே நோக்கி வரும் இத்தகைய விசாரிப்புகளுக்கு மெதுவாகவோ, சில வேளை பதிலே சொல்லாமலோ இருக்கும். அதற்கு அடுத்த வரிகளில் நேரம் குறைந்துவிட்டால் நடுவில் கண்ட தாமதத்துக்குப் பொருளில்லை. அந்த வரியில் தொடங்கி முடிவு வரை தாமதம் தொடர்ந்தால்தான் அது சான்று. அப்போதும் திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. இரு முனையிலிருந்தும் எடுத்துப் பார்க்காத டிரேஸ்ரூட் பாதி உண்மைதான்.

ஆளை மிகவும் அலைக்கழிக்கும் பழுது எது என்று கேட்டால் நான் எம்டியூவை, அதாவது ஒரு பாதையில் போகக்கூடிய பொட்டலத்தின் உச்ச அளவைச் சொல்வேன். பிங் போகும். உள்நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல் ஏற்கப்படும். அதன் பிறகு அறிக்கையைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் செய்த ஆவணம் ஏறாது. வழக்கமான கம்பி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் தலைப்புக்காக 8 பைட் போய் 1492 மிஞ்சும். அதற்கு மேல், தரவை மறைத்து அனுப்பும் விபிஎன் சுரங்கப்பாதையின் தலைப்புகளும் சேரும்போது உள்ளே இடம் இன்னும் குறையும். பெரிய பொட்டலம் வந்து முட்டினால், "இது பெரியது, சிறிதாக்கி அனுப்பு" என்ற செய்தியை ரூட்டர் ஐசிஎம்பி என்ற அறிவிப்பு நெறிமுறை வழியாக அனுப்பும். பாதுகாப்பு என்று கருதி ஃபயர்வாலில் ஐசிஎம்பி முழுவதையும் யாரோ தடுத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அனுப்புபவர் அதே பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். சிறியவை போகும், பெரியவை மறையும். வெளியே எந்த எச்சரிக்கையும் தெரியாது. இதைக் கண்டறிய, துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு 1472 பைட் அளவில் பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து அது 1500 ஆகும். போகவில்லை என்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, எங்கே போகத் தொடங்குகிறது என்று பார்த்தால் பாதையின் உண்மையான அகலம் தெரிந்துவிடும். பிறகு ரூட்டரில் டிசிபி துண்டளவை (ஒரு பொட்டலத்தில் ஏறும் தரவின் அளவை) அதற்கேற்பக் குறைத்து, அந்த ஒரு வகை ஐசிஎம்பி செய்தியையாவது அனுமதிக்க வேண்டும்.

மறுமுனையில் இருப்பவர்

இவ்வளவு கருவிகள் இருந்தும், பல நாள்களில் பழுதைத் தீர்ப்பது கிளையில் தொலைபேசியை எடுக்கும் ஒருவரின் கண்ணும் கையும்தான். அவர் காசாளராக இருப்பார், காவலாளியாக இருப்பார். அவர் வேலை இதுவன்று. அவருக்கு முன்னால் வாடிக்கையாளர் வரிசை நிற்கும். பெங்களூருவில் தமிழ்நாட்டுக் கிளைகளைத் தமிழ் தெரிந்தவர்களிடமே ஒப்படைப்பதும், ஹூப்ளிக்குக் கன்னடம் பேசுபவரைத் தேடுவதும் இதனால்தான். எந்தத் துளையில் எந்த வயர் என்பதை ஒருவர் தமக்குப் பழகாத மொழியில் பதற்றத்தோடு விளக்க நேர்ந்தால், அந்த விளக்கத்தை நம்பி எதையும் செய்ய முடியாது.

"அக்கா, அந்த வெள்ளைப் பெட்டியில் எத்தனை விளக்குகள் எரிகின்றன?"

"நான்கு எரிகின்றன, தம்பி. ஒன்று சிவப்பு."

"சிவப்பு விளக்குக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள்."

"எல், ஓ, எஸ்."

உரையாடல் இங்கேயே முடிந்துவிடலாம். ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. வழங்குநருக்குப் புகார் போக வேண்டும். ரூட்டரை யாரும் தொட வேண்டாம். இதற்குப் பதிலாக, எடுத்த எடுப்பில் "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடமும் ரூட்டரில் இருந்த பதிவுகளும் வீணாகியிருக்கும்.

கேட்கும் விதத்தில் நுணுக்கம் இருக்கிறது. "கேபிள் சரியாக இருக்கிறதா?" என்றால் எப்போதும் "இருக்கிறது" என்றே பதில் வரும், எட்டிப் பார்க்கக்கூட மாட்டார்கள், அதில் அவர்கள் குற்றமும் இல்லை. "அந்த நீல வயரை ஒருமுறை கழற்றி, முனையைப் பார்த்துவிட்டு, கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை மறுபடி மாட்டுங்கள்" என்றால் செய்வார்கள். கழற்றும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செயல். அதன் விளைவைக் கேட்ட பிறகே அடுத்தது. முக்கியமாக, குரலில் எரிச்சல் தெரியக் கூடாது. அதட்டப்பட்டவர் அடுத்த முறை தான் தவறுதலாகப் பிடுங்கிய வயரைப் பற்றிச் சொல்லவே மாட்டார்.

இதன் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். "பெங்களூரு அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், இந்த ஆப்பை இறக்கி வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஏமாற்றுக்காரரும் அதே கனிவோடு பேச முடியும். எனிடெஸ்க் போன்ற திரைப்பகிர்வுச் செயலிகள் வழியாகப் பணம் திருடப்படுவது குறித்து ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. அழைப்பவர் புகாருக்குரிய டிக்கெட் எண்ணைச் சொல்ல வேண்டும், கிளை ஊழியர் தன்னிடம் உள்ள அலுவலக எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதிசெய்யலாம், அப்படிச் செய்தால் இன்ஜினியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற மூன்றையும் ஒவ்வொரு கிளைக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நிர்வாகத்தின் கடமை.

கருவிகளின் பக்கத்திலும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவது இன்னும் நிற்கவில்லை. தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய முறையான டெல்நெட்டில் கடவுச்சொல் மறைப்பின்றி வெளிப்படையாகப் போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகுதான் டாட்டு யுலோனென் 1995இல், கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அதற்குப் பிறகு இருபது ஆண்டு கழித்தும், 2016இல் மிராய் என்ற தீநிரல், டெல்நெட் திறந்திருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் ஆலையிலேயே வைக்கப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு லட்சக்கணக்கில் கைப்பற்றியது. தொலைவிலிருந்து நிர்வகிக்கும் பக்கத்தை இணையம் முழுவதற்கும் திறந்து வைக்காமல், விபிஎன்னுக்குப் பின்னால், இரண்டாம் அடையாளச் சோதனையோடு வைப்பதற்கு மாற்றே இல்லை. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களைத் தேசிய நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்று சொல்கிறது. கடைசி விதியைச் சடங்காக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பழுதுபார்ப்பவருக்கு அதுதான் மூன்றிலும் பயன் மிக்கது. கிளை ரூட்டரின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தால், எது முதலில் நடந்தது, எது அதன் விளைவு என்பதே தலைகீழாகிவிடும்.

இப்போது இந்த வேலையின் பெரும்பகுதி தானியங்கிக் கருவிகளுக்கு மாறிவருகிறது. 2012இல் வந்த ஆன்சிபிள் போன்றவற்றைக் கொண்டு நானூறு கிளைகளின் ரூட்டர்களில் ஒரே மாற்றத்தைச் சில நிமிடங்களில் செய்யலாம். விடுபட்ட 'ஆட்' என்ற சொல்லும் அதே வேகத்தில் நானூறு இடங்களுக்கும் போகும். அதனால் எந்த வரிசையில் அனுப்புவது என்பதே இப்போது தனித் திறமை. நல்ல குழுக்கள் இரண்டு தனித்தனி இணைப்புகளும், ரூட்டரின் இடம் தெரிந்த ஊழியரும் உள்ள ஒரு கிளையை முதலில் எடுக்கின்றன. பெங்களூருவிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓசூர் அதற்கு வசதி. காலைக் கூட்டம் முடிந்து மாலைக் கணக்கு முடிக்கும்வரை ஒரு முழு வேலைநாள் காத்திருக்கிறார்கள். மாலைக் கணக்கில்தான் பெரிய கோப்புகள் போகும், எம்டியூ பழுது அங்கேதான் வெளிப்படும். பிறகு பத்துக் கிளைகள், பிறகு நூறு. வால்பாறையும் கூடலூரும் எப்போதும் கடைசிப் பட்டியலில் இருக்கும். அங்கே ஒரு ரூட்டர் எழுந்திருக்காவிட்டால், மாற்று ரூட்டரோடு ஓர் ஆள் மலையேறிப் போய்ச் சேரும்வரை கிளை மூடித்தான் கிடக்க வேண்டும்.